ஊமை பாட்டில்

எங்கள் கட்டடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னால் யாரும் வெங்காயம் வதக்கக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. குடிவந்த புதிதில் மாடிவீட்டுக்காரி கீழே வந்து கையைப் பிசைந்துகொண்டு, "அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்று ஆரம்பித்தாள். கோபித்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வது. நான் தையல்காரி. ஆறு மணிக்கு அடுப்பு மூட்டி எட்டுக்குள் சமையலை முடித்தால்தான் மெஷினில் உட்கார முடியும். இவளுக்காக உப்புப் போட்டு வேகவைத்த பருப்பையே தின்றுகொண்டு கிடக்க வேண்டுமாம். முகத்தில் அடித்தாற்போல முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் நின்ற நிற்பைப் பார்த்ததும் "பார்க்கலாம்" என்று வந்துவிட்டது. ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மறுவருஷம் மெஷினுக்குப் போடும் எண்ணெயையும் மாற்ற வைத்துவிட்டாள்.

அவள் தொழில் சென்ட் செய்வது. கம்பெனி கிடையாது, கூட ஆள் கிடையாது. மாடியில் இரண்டே அறை. ஒன்றில் புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள், இன்னொன்றில் பாட்டில்கள் இருந்தன. நல்ல அறை பாட்டில்களுக்கு. வெயில் படாமல் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்ததே நான்தான். இருநூறு முந்நூறு பாட்டில், ஒவ்வொன்றிலும் சீட்டு, நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் மூச்சு விட்டால் கூட எண் மாறுகிற ஒரு தராசு. காலையில் வெறும் வயிற்றோடு உட்காருவாள். இதில் இரண்டு சொட்டு, அதில் அரைச் சொட்டு என்று கலந்து, விரல் நீளக் காகிதப் பட்டியில் தோய்த்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வாள். மூக்கு சலித்துப்போனால் தன் முழங்கை மடிப்பை முகர்ந்து பார்ப்பாள். "நம்ம தோல் வாசனை நமக்குப் பழகினதுக்கா, அத மோந்தா மூக்கு திரும்ப வீட்டுக்கு வந்துடும்" என்பாள். பைத்தியம் என்று முதலில் நினைத்தேன். பிறகு நானும் கடைத்தெருவுக்குப் போய் வந்தால் அப்படிச் செய்து பார்க்க ஆரம்பித்தேன்.

அவள் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் அதை விட்டுவிட்டார். டீசல் வாடை நகத்துக்குள் போனால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, அந்தச் சோப்பும் வீட்டுக்குள் வரக் கூடாது. மனுஷர் இப்போது ஒரு நூலகத்தில் புத்தகத்துக்கு எண் ஒட்டுகிறார். அந்த வேலையில் எந்த வாசனையும் இல்லை என்பது ஒன்றுதான் அதன் சிறப்பு. தெருவில் ஏதாவது வண்டி இருமினால் இவர் தலை தானாகத் திரும்பும். 

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கால்சட்டை ஒன்றை மடித்துத் தைக்கக் கொண்டுவந்தார். அந்த வாரம் காற்றே இல்லை. மழை வருகிற மாதிரி வானம் தொங்கிக்கொண்டு வராமல் ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன தம்பி, மேல போக மனசில்லையா?"

"இல்லக்கா. சும்மாதான்."

"சும்மா உட்காருற ஆள் இல்லையே நீங்க."

கொஞ்ச நேரம் என் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

"பழைய முதலாளி ஆள் அனுப்பியிருக்காரு. அவருக்கு முட்டி போயிடுச்சாம். ஷெட்ட எடுத்து நடத்துறியான்னு கேக்குறாரு. லேத்து, கருவி எல்லாம் அப்படியே இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். இல்லன்னா பூட்டிட்டு மகள் வீட்டுக்குப் போயிடுவாரு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? குளிச்சிட்டு வீட்டுக்கு வாங்க. இங்கேயே குளிங்க, என் குழாயடியில."

"அதெல்லாம் நானும் சொல்லிப் பாத்துட்டேன். குளியல் இல்லக்கா விஷயம். டீசல்லயே பகல் முழுக்க இருந்தா என் மூக்கு மழுங்கிடும்னு பயப்படுறா."

"உங்க மூக்கு மழுங்கினா அவளுக்கென்ன?"

அவர் கத்தரிக்கோலை மேஜையில் நேராக வைத்தார்.

"அவளுக்கு என் மூக்கு வேணும்க்கா" என்றார். "அது இல்லன்னா அவளுக்குத் தொழில் இல்ல. நான் இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது. நீங்க அவகிட்ட ஒண்ணும் கேட்டுடாதீங்க."

கேட்டுவிடாதே என்றால் கேட்காமல் இருக்கிற பிறவியா நான். ஆனால் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. மறுநாள் அவருக்குச் சளி பிடித்தது. தும்மல் மாடியிலிருந்து என் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. புதன்கிழமை காலை அவளே இறங்கி வந்தாள்.

"அக்கா, சாப்பிட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நல்லதாப் போச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் மேல வாங்க."

நூலகத்துக்கு அவர் கிளம்பிப் போயிருந்தார். பாட்டில் அறைக்குள் என்னை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவள் நின்றுகொண்டே இருந்தாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். மற்றவற்றில் எல்லாம் நீளமான பேர். இதில் மட்டும் 'ஊமை' என்று எழுதியிருந்தது.

"இது மஸ்க்குக்கா, கஸ்தூரி. மான் கீன் எல்லாம் இல்ல, ஃபேக்டரியில செய்யறதுதான். சென்ட் சட்டுனு பறந்து போயிடாம உடம்போட ஒட்டிப் பிடிச்சு வைக்கிறது இதுதான். இது இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"சரி."

"எனக்கு இது தெரியாது."

"எது தெரியாது?"

"இந்த வாசனை. வெறும் தண்ணி மாதிரி இருக்கும். சில பேரு மூக்குக்கு இந்த ஒண்ணு மட்டும் எட்டவே எட்டாது. வியாதி இல்ல, பிறவி அப்படி. படிக்கப் போன எடத்துல முதல் தடவை இதக் குடுத்தாங்க. சுத்தி எல்லாரும் ஆகா, என்ன சுத்தமா இருக்குன்னு தலையாட்டுறாங்க. எனக்கு வெறும் காகிதம். நானும் தலையாட்டினேன்."

"அடிப்பாவி."

"என்ன பண்ணச் சொல்றீங்க? பதினேழு பேர் முன்னாடி எனக்கு மூக்கு இல்லன்னு சொல்லணுமா?" அவள் கண் கலங்கிவிட்டது. "கல்யாணமான புதுசுல அவர மோந்து பாக்கச் சொன்னேன். அவருக்குத் தெரிஞ்சுது. எனக்கு அன்னிக்கு வந்த சந்தோஷம் இருக்கே. பதினோரு வருஷமா இத மட்டும் அவருதான் சொல்லுவாரு. போதும், இன்னும் கொஞ்சம், தூக்கலா இருக்கு, இப்படி. நான் நோட்டுல எழுதிப்பேன். இந்த மாசக் கடைசிக்குள்ள புதுசு ஒண்ணு முடிச்சாகணும். இவரு தும்மிக்கிட்டு இருக்காரு."

புதுசு என்னவென்று எனக்குத் தெரியும். என் கடையில்தான் அவளுக்கு அது தோன்றியது. ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள் நான் ஈரப் பருத்தித் துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அரை மணி நேரம். "இன்னொரு தடவை வைங்கக்கா, இன்னொரு தடவை" என்று அதே துணியை ஏழு தடவை நனைத்துத் தேய்க்க வைத்தாள். துணி தீய்ந்துபோகும் என்று நான் கத்தினேன். "தீயறதுக்கு ஒரு நொடி முன்னாடி, அதுதான் வேணும்" என்றாள். எட்டு மாதமாக அந்த ஒரு நொடியைத்தான் பாட்டிலில் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு தண்ணி இல்லாமல் அதிலேயே கிடந்தாள் என்றால் மிகையில்லை.

இரண்டு பட்டியை நீட்டினாள். ஒன்றில் ஒன்றுமில்லை. மற்றதை மூக்குக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே வந்துவிட்டது.

"இதுதான்" என்றேன். "கொடியிலேருந்து இப்பத்தான் எடுத்த துணி. அதுல குளிப்பாட்டின கொழந்தையச் சுத்தி வச்சிருந்தா அது கழுத்துகிட்ட எப்படி இருக்கும், அப்படி."

அவள் முகம் வெளுத்தது. இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்தாள். அவளுடைய சென்ட் வாங்கினவர்கள் எழுதினவை. ஒன்றில் 'குளித்த குழந்தையின் கழுத்து' என்றே இருந்தது. இன்னொன்றில் 'அம்மா மடித்து வைத்த போர்வை'. அவை எல்லாம் எதைப் பற்றி என்று தனக்கு இத்தனை நாள் புரியவில்லை என்றும், அளந்து விடுகிறார்கள் என்று நினைத்திருந்ததாகவும் சொன்னாள்.

"அப்ப எல்லாருக்கும் பிடிச்சது இதுதானா? நான் வேலை செஞ்சதெல்லாம்?"

 போன வாரம் செய்து வைத்திருந்த புதுசைக் கொடுத்தாள். அதை முகர்ந்தபோது நான் நாக்கை அடக்கியிருக்க வேண்டும்.

"இதுல அது ரொம்ப ஜாஸ்தி. படி ஏறும்போதே தெரிஞ்சுது. இஸ்திரி வாசனைய அமுக்கிடுச்சு."

"இல்லக்கா. அவரு இதுல ஊமை இருக்கிறதே தெரியலன்னு சொன்னாரு. அதான் இன்னும் கொஞ்சம் போட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் உடனே, சளி வரப் போகிற மூக்கு அப்படித்தான் இருக்கும், எனக்கு என்ன தெரியும், ஊசியும் நூலும் பிடிக்கிறவள் என்று என்னவெல்லாமோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்த மாதிரித் தெரியவில்லை. என் மூக்கை அன்றைக்கு வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை மறுபடி என்னைக் கூப்பிட்டாள். மாட்டேன் என்றேன். "நீங்க இல்லன்னா எனக்குத் தைரியம் வராதுக்கா" என்றாள். போனேன். அவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சளி விட்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, நீங்களும் வேலையில சேந்துட்டீங்களா?"

முதலில் ஒரு பட்டியைக் கொடுத்தாள். எலுமிச்சை என்றார். அடுத்தது கிராம்பு. அதையும் சரியாகச் சொன்னார். மூக்கு திறந்துதான் இருந்தது. பிறகு இரண்டு பட்டியைச் சேர்த்துக் கொடுத்தாள்.

"இதுல ஒண்ணுல ஊமை இருக்கு. மூணு தடவை தோய்ச்சிருக்கேன். எதுலன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு, தன் பதற்றம் அவருக்குத் தெரிய வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவோரம் நின்ற எனக்கே அது வந்துகொண்டிருந்தது. அவர் இடது கைப் பட்டியை முகர்ந்தார். வலது கைப் பட்டியை முகர்ந்தார். அவள் முதுகைப் பார்த்தார். மறுபடியும் இடது, வலது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன்" என்றார்.

"எதுக்கு?"

"திரும்பேன், சொல்றேன்."

"மோந்து பாக்க என் மூஞ்சி எதுக்கு?"

கீழே தெருவில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவர் இரண்டு பட்டியையும் மேஜையில் வைத்துவிட்டார். அவள் திரும்பவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"முதல்லேருந்தே."

"முதல்லேருந்தேன்னா?"

"முதல் நாள் நீ பட்டிய நீட்டிக்கிட்டு நின்னியே. தெரியுதா தெரியுதான்னு. உயிரே அதுல இருக்கிற மாதிரி. எனக்கு ஒண்ணுமே தெரியல. இல்லன்னு சொல்ல மனசு வரல, தெரியுதுன்னு சொல்லிட்டேன். ஒரு நாளைக்குத்தானேன்னு நெனச்சேன். மறுநாளும் கொண்டாந்து நீட்டின. அப்புறம் அதுலேருந்து எறங்க வழியே இல்ல."

"ரெண்டு பேருக்குமா தெரியாது?" என்று நான் என்னையறியாமல் கேட்டுவிட்டேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

"இதுக்காகவா ஷெட்ட விட்டீங்க?" என்றாள் அவள்.

"வேற எதுக்கு? மூக்கே இல்லாதவன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ஷெட்டுலயே இருந்திருக்கலாம். சொன்னா நீ இத விட்டுடுவ. விட்டா நீ என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப அளவு? இத்தன வருஷம் நீங்க சொன்ன அளவு?"

"உன் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்வேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "நீ கலந்துட்டு வந்து நிக்கும்போது பத்தலன்னு உனக்கு இருந்தா இந்தப் புருவம் ஒரு மாதிரி இருக்கும். நான் இன்னும் கொஞ்சம்னு சொல்வேன். அடுத்த நாளும் அப்படியே இருந்தா இன்னும் கொஞ்சம். என்னிக்கு உன் மூஞ்சி தெளிஞ்சு இருக்கோ அன்னிக்குப் போதும்னு சொல்லிடுவேன். நானா ஒரு சொட்டு கூடச் சொன்னதில்ல. இந்தப் புதுசுல உன் மூஞ்சி தெளியவே மாட்டேங்குது. அதான் ஏத்திக்கிட்டே போயிட்டேன்."

அவள் அப்போதுதான் திரும்பினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, முகத்தை யாருக்கும் காட்டாமல் மூடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பை இப்படியா வைத்து விளையாடுவது என்று கேட்கத் தோன்றியது. பதினோரு வருஷம் ஒருத்தி புருவத்தையே பார்த்துக்கொண்டு ஒருவன் இருந்திருக்கிறான், எனக்கு அப்படி ஒருத்தரும் வாய்க்கவில்லையே என்றும் தோன்றியது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார் அவர்.

கையை எடுக்காமலே சொன்னாள்: "போங்க. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. நானும்தான் அன்னிக்குத் தலையாட்டினேன். இனிமே உங்கள இங்க உட்கார வச்சு என்ன செய்ய?"

வெள்ளிக்கிழமை அவர் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த திங்களிலிருந்து ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தார். சாயங்காலம் என் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் மாடி ஏறுவார். குளிக்கும்போது ஏதோ பாட்டு. ஆறு வருஷத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை. மாடியில் சண்டை இல்லை, பேச்சும் குறைவு. சோறு போட்டுக்கொண்டார்கள், தின்றார்கள், தூங்கினார்கள்.

தினமும் காலையில் நான்தான் இப்போது மூக்கு. வெறும் வயிற்றோடு போய் உட்காருவேன். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இதில் அதிகம், இதில் குறைவு, இதில் இஸ்திரி நன்றாக வருகிறது என்று. அவள் எழுதிக்கொண்டாள். நான் சொன்ன அளவில் கலந்தால் நல்ல வாசனையாக இருந்தது. நல்ல வாசனை, அவ்வளவுதான். கடையில் போய்க் கேட்டால் எடுத்து நீட்டுவார்களே, அந்த மாதிரி.

"அக்கா, மூக்க விடுங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் ஒரு நாள். "எனக்குப் போதும்னு இருக்கா, இல்லையா?"

நேருக்கு நேர் நின்றாள். நான் பார்த்தேன். ஆறு வருஷமாகப் பார்க்கிற முகம்தான். அளவு எடுக்கிறவள் நான், ஆள் நிற்கிறதை வைத்தே தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அந்தப் புருவத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு புருவம் இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தபோது, மத்தியானம் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கையில் தக்கை போட்ட ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு பட்டி. "ஷெட்டு வரைக்கும் துணைக்கு வரீங்களா?" என்றாள். டீசலுக்கு நடுவில் போய் நின்றால் இரண்டு நாளைக்கு அவள் மூக்கு ஒன்றுக்கும் ஆகாது. அவளுக்குத் தெரியாததா. நான் மெஷினை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

ஷெட்டில் ஒரு லாரி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. டீசல், கிரீஸ், சூடான இரும்பு. முழங்கை வரைக்கும் கறுப்பாக நின்றிருந்தவர் எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் ஓடி வந்தார்.

"இங்க ஏன் வந்த? சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேனே."

அவள் தக்கையைத் திறந்து பட்டியை நீட்டினாள்.

"இங்க ஒண்ணும் தெரியாதேம்மா" என்றேன் நான்.

"தெரிய வேணாம்க்கா."

அவர் துணியில் கையைத் துடைத்து, பட்டியின் நுனியை மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டார். மூக்குக்குக் கொண்டுபோகவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அசையாமல் நின்றாள். வேலையாட்கள் இரண்டு பேர் ஸ்பானரைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். போட்டோ எடுக்க நிற்கிறவள் மாதிரி, மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டு, பாருங்கள் என்று முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நீ மூஞ்சிய மறைக்கிற" என்றார்.

"மறைக்கலங்க" என்றாள். அவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. "இந்த மூஞ்சிய எப்படி வச்சுக்கறதுன்னே எனக்கு இப்பத் தெரியல."

அவர் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். லாரிக்காரன் வந்து, "அண்ணே, எப்ப ஆகும்?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டு, கறுத்த கையில் பட்டியைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் நின்றார்.